கடைசி ஆள் யாரு?

காலியாகக் கிடந்த அறையிலிருந்து "நான்தான்" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

கஸில்டா முதலில் அதைச் சட்டை செய்யவில்லை. சளி கட்டிய, அலுத்துப்போன ஓர் ஆண் குரல், அவ்வளவுதான். ஸ்பெயின் நாட்டு வலென்சியாச் சந்தையில் நாற்பது வருஷம் மீன் விற்றவளுக்கு அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் மூச்சு விடுகிற மாதிரி. அங்கே யாரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கடைக்குள் நுழைகிறவர் "கடைசி ஆள் யாரு?" என்று பொதுவாக ஒரு குரல் விடுவார், கடைசியாக வந்தவர் "நான்தான்" என்பார், இடம் உறுதியாகிவிடும். அப்புறம் சுவரில் சாயலாம், வம்பளக்கலாம், பக்கத்துக் கடைக்குப் போய் எலுமிச்சை வாங்கலாம். ஆனால் முறை வந்து கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லாதவர்களைக் கஸில்டா ஈவிரக்கமில்லாமல் பின்னால் அனுப்புவாள். "கூப்பிட்டப்போ இல்லைல்ல? போய்க் கடைசில நில்லு" என்பாள், அது பாதிரியாரானாலும் சரி. கூட்டம் நெருக்கினால் தராசைப் பலகையில் ஓங்கித் தட்டிவிட்டு, "முண்டாதீங்க! வரிசையா வாங்க!" என்று கத்துவாள். அந்தக் குரலுக்கு விலாங்கு மீன்கூட நெளிவதை நிறுத்தும் என்று சந்தையில் ஒரு கேலி உண்டு.

அப்படிப்பட்டவளுக்குக் கடையை ஒரேயடியாக மூடியபின் கூட்டம் என்றாலே வேப்பங்காய் ஆகிவிட்டது. மார்ச் மாதத் திருவிழாவில் ஊரே வெடிச்சத்தத்தில் கிடந்து புரளும்போது இவள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வாள். தங்கை ரெமேய் நேர் எதிர். நாலு பேர் நின்றால் அஞ்சாவதாகப் போய் எட்டிப் பார்க்கிற ஜாதி. "ஜனம் வேணாம்னா கல்லறைக்குப் போ அக்கா, அங்க யாரும் இடிக்க மாட்டாங்க" என்பாள். கஸில்டா கல்லறைக்குப் போகவில்லை, ஓவியக் கூடங்களுக்குப் போனாள். அதற்கு அவளிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆகஸ்ட் மாதம், மதியம், ஊர் மொத்தமும் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, அப்புறம் பலகணித் தட்டிகளை இறக்கிவிட்டுத் தூங்குகிற வேளை. பெரிய கூடங்களில் அப்போதும் வெளியூர்க்காரர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகத் திரிவார்கள். பழைய கன்னிமாடத்தைச் சீர் செய்து வைத்திருந்த இந்தச் சின்னக் கூடத்தில் ஈ காக்கை இருக்காது.

அன்றும் அப்படித்தான். கல் தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. மெழுகும், பழைய மரமும், எங்கோ ஊறிய சுவரின் ஈரமும் கலந்த வாடை குளிர்ச்சியாக முகத்தில் பட்டது. கோடியில் இருந்த கடைசி அறையில் ஒரே ஒரு படம். தரையிலிருந்து சுவர் முழுக்க நின்றது. ஆளுயரத்தில் ஒரு ஜனக்கூட்டம், ஏதோ சத்திரத்து வாசலில், எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கம்பளிப் போர்வைகள், கந்தல் தொப்பிகள், ஊன்றுகோல்கள். அவர்களுக்கு அப்பால் ஒரு கதவு, ஒருக்களித்துத் திறந்து, உள்ளே வெறும் கறுப்பு. வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தது. கூட்டம் பிடிக்காமல் ஓடி வந்தவளுக்குக் கிடைத்த படத்தைப் பார் என்று கஸில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைக்காரக் குரலில், விளையாட்டாகக் கேட்டாள்.

"கடைசி ஆள் யாரு?"

"நான்தான்."

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் படத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கந்தல்களுக்கெல்லாம் பின்னால், வரிசையின் வாலில் நின்றவன் போட்டிருந்தது போர்வை இல்லை. சாம்பல் நிறச் சீருடைக் கோட்டு. காலரில் பொடுகு தூவியிருந்தது. ஓவியக்காரனுக்கு என்ன கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்துவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது, முதுகு மட்டும் சில்லென்று இருந்தது.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் அவளுக்கு முன்னால் ஒரு சாம்பல் கோட்டு நின்றது. ஆகஸ்ட் வெக்கையில் எவன் கோட்டுப் போடுவான்? ஈரச்சுவர் வாடையும் மக்கிய புகையிலை வாடையும் அடித்தது. காலரில் பொடுகு. அவன் வாங்கிக்கொண்டு நகரட்டும் என்று கஸில்டா பொறுமையாக நின்றாள்.

"என்ன கஸில்டா, சிலை மாதிரி நிக்கிற?" என்றாள் ரொட்டிக்காரி. "கடையில ஒருத்தரும் இல்லையே, வந்து வாங்கிக்க வேண்டியதுதான?"

முன்னால் யாரும் இல்லை. ரொட்டியின் சூடு மட்டும் முகத்தில் அடித்தது. ஆனால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவள் சொல்லாமலே, அவள் கால் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. வரிசை நகரும்போது வைப்போமே, அந்த மாதிரி ஓர் அடி.

வேறு யாராவதாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். கஸில்டாவுக்குக் கோபம் வந்தது. என்னை எவன் என் ஊரில், நான் தினமும் ரொட்டி வாங்குகிற கடையில், நிறுத்தி வைப்பது? அன்று மதியம் அதே வேளைக்குக் கன்னிமாடத்துக்குப் போனாள். கடைசி அறைக்கு வெளியே காவலாளி எவாரிஸ்தோ நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். நாற்காலியின் முதுகு அறைப்பக்கம் இருந்தது. காவல் காக்கிறவன் காக்க வேண்டிய பொருளுக்கு முதுகைக் காட்டி உட்காருவானா?

உள்ளே போய்ப் பார்த்தாள். படத்தில் கூட்டம் பாதியாகியிருந்தது. நேற்று போர்வைகள் மறைத்திருந்த இடத்தில் வாசல் படியின் கல் தெரிந்தது. கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. வாலில் அதே சாம்பல் கோட்டு.

"ஏம்ப்பா," என்றாள் வெளியே வந்து, "நேத்து இதுல ஜனம் நெரிஞ்சுதே. இன்னைக்கு எங்க போச்சு?"

எவாரிஸ்தோ செய்தித்தாளை மடித்தான். நிதானமாக, மடிப்பு மாறாமல். "உள்ள நீங்க ஏதாவது பேசினீங்களாம்மா?"

"கடைசி ஆள் யாருன்னு கேட்டேன். சும்மா, விளையாட்டுக்கு."

"பதில் வந்துச்சா?"

அவள் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"எனக்கு முன்னாடி இங்க லிபோரியோன்னு ஒருத்தர் வேலை பார்த்தாரு. நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. போன கோடையில அவரும் விளையாட்டுக்குத்தான் கேட்டாரு. கொஞ்ச நாள்ல ஆள் காணாமப் போயிட்டாரு. அதோ, கோட்டுப் போட்டுக்கிட்டுக் கடைசில நிக்கிறாரு பாருங்க."

"அவருக்கு முன்னாடி அத்தனை பேரு இருக்கறப்பவே இழுத்துக்கிட்டாங்களா?"

"இழுக்கலம்மா, அவரும் ஓடல. பயந்து போய் இங்கயே ஒளிஞ்சு ஒளிஞ்சு கிடந்தாரு, அவர் காலே அவரை உள்ள கொண்டுபோய்ச் சேத்துடுச்சு. அதுக்கப்புறம் நான் உள்ள போனா வாயைத் திறக்கறதே இல்ல. தும்மல் வந்தாக்கூட வெளிய வந்துதான் தும்முவேன். மேலதிகாரிங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க."

"சரி. இதுலேர்ந்து எப்படி வெளிய வர்றது?"

"தெரிஞ்சா அவரு அங்க நிப்பாராம்மா?"

கஸில்டா அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். வற்றிய ஆற்றுப் படுகைப் பூங்காவில் ஒரு நாய்கூட இல்லை, புழுதி மணத்தது, மரங்களில் சில்வண்டுகள் காதைப் பிளந்தன. அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வரிசையைப் பற்றி அவளுக்குத் தெரியாத சட்டம் உலகத்தில் இருக்க முடியாது. முறை வரும்போது போகாவிட்டால் முறை போய்விடும். அவ்வளவுதானே? கூப்பிடட்டும், நேரில் போய் நின்று முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒளிந்துகொள்ள நான் என்ன லிபோரியோவா?

அடுத்து வந்த நாட்களில் லிபோரியோவின் முதுகு அவளைவிட்டு நகரவில்லை. மாடிப்படியில், குளியலறை வாசலில், மருந்துக் கடையில். ஒரு தடவையும் அவன் திரும்பவில்லை. அவள் கால்கள் நினைத்தபோதெல்லாம் ஓரடி முன்னால் வைத்தன. ஒவ்வோர் அடிக்கும் எங்கோ ஒரு கதவின் கீல் முனகியது.

ஒரு நாள் மதியம் சமையலறையில், தொட்டிக்கு முன்னால் நின்ற அந்த முதுகுக்குப் பின்னால் அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்துகொண்டு ரெமேய் வந்தாள், கையில் பெரிய முலாம்பழத்தோடு.

"சோறு தீயுது, நீ என்னக்கா மீன் வாங்க வந்தவ மாதிரி நிக்கிற?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பழைய சந்தைக் குரலில், "கடைசி ஆள் யாரு?" என்றாள்.

"நான்தான்."

யோசிக்கும் முன்னே வாய் முந்திக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ரெமேய் இன்னும் சிரித்தாள். சாம்பல் கோட்டின் தோள்கள் இலேசாகக் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்போது கஸில்டாவின் கால் ஓரடி முன்னால் வைத்தது. பின்னால் ரெமேயின் செருப்பும் ஓரடி வைக்கும் சத்தம் கேட்டது.

தங்கை கிட்டே வந்து அடுப்பை அணைக்கத்தான் வருகிறாள் என்று கஸில்டா நினைத்தாள். ஆனால் ரெமேய் அடுப்பை அணைக்கவில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி, அக்காவின் முதுகுக்குப் பின்னால், கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

அன்று சாப்பிடும்போது கஸில்டா எல்லாவற்றையும் சொன்னாள். படம், லிபோரியோ, ரொட்டிக் கடை, எல்லாம். ரெமேய் முலாம்பழ விதையைத் துப்பிவிட்டு, "உனக்கு வெயில் மூளைக்கு ஏறிடுச்சு. ஜனத்தோட பழகாம இருந்தா இப்படித்தான், படத்துல இருக்கறவனெல்லாம் பேச வருவான்," என்றாள். அப்புறம் முகம் மாறியது. "தனியாப் போகாத அக்கா. நாளைக்கு நானும் வரேன்."

"நீ உள்ள வரக்கூடாது."

"வரல. வெளிய அந்தக் காவக்காரரோட உக்காந்து கதை பேசிக்கிட்டிருக்கேன். ஆளு பாக்க எப்படி?"

"பல்லு மஞ்சள்."

"எனக்கு மட்டும் என்ன, முத்தா?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கஸில்டாவுக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் மதியம் ஊர் செத்தது போலக் கிடந்தது. எல்லா ஜன்னலிலும் தட்டி இறங்கியிருந்தது. கல் சுவர்கள் அனலைக் கக்கின. கன்னிமாடத்துத் தாழ்வாரத்தில் எவாரிஸ்தோ இருவரையும் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியை ரெமேயிடம் நகர்த்தினான். ரெமேய் விசிறியைப் படக்கென்று விரித்து உட்கார்ந்தாள். "சீக்கிரம் சண்டை போட்டுட்டு வா அக்கா. குளிர்ந்த ஓர்ச்சாத்தா குடிக்கணும், நாக்கு வறண்டு போச்சு."

கஸில்டா உள்ளே போனாள்.

படத்தில் ஜனம் இல்லை. வெறும் படிகள். ஈரம் படிந்த, தேய்ந்த படிகள். கதவு விரியத் திறந்திருந்தது. அதன் முன்னால் சாம்பல் கோட்டு மட்டும் தனியாக நின்றது. திறந்த கதவிலிருந்து காற்று வந்தது. சுவரில் மாட்டிய ஓவியத் துணியிலிருந்து காற்று. அதில் மீன் வாடை இருந்தது, நேற்றைய மீன் இல்லை, எப்போதோ விற்காமல் போன மீன்.

வெளியே ரெமேயின் விசிறிச் சத்தம். பட், பட், பட். கஸில்டா அந்தச் சத்தத்தையே பற்றிக்கொண்டு நின்றாள்.

"அடுத்தது," என்றது ஒரு குரல்.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். அதில் மிரட்டல் இல்லை. கடைக்காரக் குரல். நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த குரல்.

லிபோரியோ படி ஏறினான். ஒரு காலை வைத்துவிட்டு நின்றான். "விளையாட்டுக்குத்தான் கேட்டேன்," என்றான், யாரிடமும் இல்லாமல். அப்புறம் உள்ளே போனான். கறுப்பு அவனை மூடிக்கொண்டது. அலறல் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"அடுத்தது."

கஸில்டாவின் வலது கால் தரையிலிருந்து எழும்பியது. அவள் அதைத் தன் இரண்டு கைகளாலும் தொடையில் பிடித்து அழுத்தினாள். பல்லைக் கடித்தாள். கால் இறங்கியது. தரையில் பதிந்தது.

"வர மாட்டேன்," என்றாள்.

காற்று நின்றது.

"காது கேக்கலையா? வர மாட்டேன். நாப்பது வருஷம் நான் ஊரைக் கூப்பிட்டேன். என்னைக் கூப்பிட நீ யாரு? என் முறை எனக்கு வேணாம். விட்டுட்டேன். போ!"

குரல் கல் சுவர்களில் மோதித் திரும்பியது. அவளுடைய நல்ல பழைய சந்தைக் குரல். கதவு அசையவில்லை. கறுப்பு அசையவில்லை. அவள் தோள்கள் தளர்ந்தன. கண்ணில் நீர் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. அவளுக்குப் பின்னால்தான் யாரும் இல்லையே. அவள்தானே கடைசி.

"சரி," என்றது குரல். கோபமே இல்லை. "கூப்பிட்டப்போ வரல. அடுத்தது."

வெளியே விசிறிச் சத்தம் நின்றது.

நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம். எவாரிஸ்தோவின் "எங்கம்மா போறீங்க?" அப்புறம் செருப்பு. ஓரடி. ஓரடி. ஓரடி.

சமையலறை. முலாம்பழம். கடைசி ஆள் யாரு? நான்தான்.

"ஐயோ," என்றாள் கஸில்டா.

வாசலில் ரெமேய் நின்றாள். கையில் விசிறி பாதி மடிந்திருந்தது. தூக்கத்தில் எழுந்தவள் மாதிரி முகம். "என்னைக் கூப்பிட்டாங்களே அக்கா," என்றாள்.

"உன்னை இல்ல. திரும்பு. வெளிய போ."

"என் முறைதான்க்கா. உனக்கப்புறம் நான்தான்."

"நான் போறேன்! இது என் முறை! ஏய், கேக்குதா? நான் வரேன்!" படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"கடைசில நில்லு," என்றது குரல்.

ரெமேய் அவளைத் தாண்டிப் போனாள். படத்தின் கீழ்ச் சட்டத்தைப் படி ஏறுவது போலத் தாண்டிக் காலை வைத்தாள். துணி கிழியவில்லை. விலகவில்லை. அவள் மஞ்சள் பூப்போட்ட கவுன் சாயமாகத் தட்டையானது. தோள் தட்டையானது. கஸில்டா பாய்ந்தாள். இடது மணிக்கட்டு கிடைத்தது. பிடித்தாள். கிடுக்கிப்பிடி. வழுக்குகிற விலாங்கையே நழுவவிடாத கை. சட்டத்தில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள்.

"எவாரிஸ்தோ!"

தாழ்வாரத்தில் ஓடுகிற சத்தம். கிட்டே வரவில்லை. தூரப் போனது.

போகட்டும். அவளுக்கு யாரும் வேண்டாம். தங்கையின் நாடித்துடிப்பு அவள் விரலுக்கடியில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், வர்ணத்துக்குள், ரெமேய் திரும்பிப் பார்த்தாள். முகம் தட்டையாக இருந்தது. கண் மட்டும் ஈரமாக இருந்தது. உதடு அசைந்தது. அக்கா.

"விட மாட்டேன்டி. சாகற வரைக்கும் விட மாட்டேன். அவங்களால என்ன பண்ண முடியும்?"

கதவின் கறுப்பில் ஏதோ அசைந்தது. உள்ளே போனவர்கள். எல்லோரும். முதல்முறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று பழுப்புச் சாயம். கைகளை நீட்டிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். நெருக்கியடித்துக்கொண்டு. ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு. ஈரக் கம்பளி வாடை. புகையிலை வாடை. சட்டத்தின் விளிம்பில் விரல்கள். விரல்கள். இன்னும் விரல்கள்.

கஸில்டா பிடியைத் தளர்த்தவில்லை. கண்ணை மூடவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நாற்பது வருஷமாகக் கத்தியதைக் கத்தினாள்.

"முண்டாதீங்க! வரிசையா வாங்க!"

விரல்கள் நின்றன. நெருக்கல் அடங்கியது. ஒருவர் பின்னால் ஒருவர். ஒழுங்காக. பொறுமையாக.

அப்புறம் ஒரே ஒரு கை, சாம்பல் நிறக் கோட்டுக் கை, வெளியே நீண்டு வந்து கஸில்டாவின் மணிக்கட்டின்மேல் மெதுவாகப் படிந்தது. அதற்குப் பின்னால், தன் முறைக்காக, அடுத்த கை காத்திருந்தது.